ஆளில்லாத நேரத்து நடை

மூன்றாவது தடவையாக என் வயிற்றில் தங்கிய பிள்ளை அது. முதல் இரண்டும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. இதுவோ ஏழாம் மாதத்துக்கு வந்து, நான் வலது பக்கம் திரும்பிப் படுத்தால் உதைத்துச் சண்டை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எனக்குச் சீனி கூடியிருக்கிறது என்றார்கள்.

ஊசி போடுவதற்கு முன்னால் சாப்பாட்டாலும் நடையாலும் குறைத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். எப்படி நடப்பது என்று சொல்லித் தந்தவர் மிட்வைஃப் துஷாந்தினி மிஸ். மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, மாற்றலாகிக் கலேவெலைக்கு வந்தவர். எங்கள் பக்கத்துச் சூட்டை அவர் திட்டாத நாளே இல்லை.

“தங்கச்சி, சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துல ஒரு அரை மணித்தியாலம் நடங்க. வெயில் ஏறுறதுக்கு முந்தி, இல்லாட்டி எறங்குனதுக்குப் பொறகு. நடு வெயில்ல மட்டும் வேணவே வேணாம். தண்ணிப் போத்தல் கையிலயே இருக்கணும். தாகம் எடுக்கட்டும்னு பாத்துக்கிட்டு இருக்காதீங்க, இடைக்கிடை ரெண்டு மொடறு குடிங்க. நடக்கிறப்ப பேச முடியணும். பேச முடியாம மூச்சு வாங்குச்சுன்னா நிப்பாட்டிருங்க. தல சுத்துனா நெழலாப் பாத்து ஒக்காந்துருங்க.”

“நோம்பு வருதே மிஸ்?”

“ஒங்களுக்கு இந்த வருசம் நோம்பு வேணாம்னு டொக்டரே சொல்லிட்டாரு. பொறகு பிடிச்சுக்கலாம்தானே?”

பிடிக்கலாம். எங்கள் பள்ளிவாசல் மௌலவியும் அதைத்தான் சொன்னார். நோயாளிக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் அல்லாஹ் சலுகை தந்திருக்கிறான், விட்டதைப் பிறகு களாச் செய்யலாம் என்று ஒலிபெருக்கியிலேயே பேசினார். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கதையைக் கேட்டுவிட்டு மார்க்கத்தின் மேல் பழி போட ஆள் வரும். மார்க்கம் என்னிடம் சாப்பிடு, குடி என்றுதான் சொன்னது. குடிக்க விடாதது வேறு.

என் மாமி ஸுபைதாவையும் குறை சொல்ல மாட்டேன். ஊரில் மருமக்கள் ஒன்று கூடினால் மாமிமாரை வறுத்தெடுப்பார்கள். அந்தச் சட்டியில் போட எனக்கு ஒன்றும் கிடைத்ததில்லை. தான் நோன்போடு இருந்துகொண்டு எனக்குக் குரக்கன் பிட்டு அவித்துத் தருவார். சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, நான் சாப்பிட்டு முடியும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொள்வார். பக்கத்து வீட்டார் யாராவது வந்து பார்த்துவிடக் கூடாதே என்று. அப்போது எனக்கு அது அன்பாகத்தான் பட்டது. அன்புதான் அது, இல்லை என்று சொல்லவில்லை.

நோன்பின் முதல் வாரத்தில் ஒரு நாள், பின்நேர அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கப் போனேன். வெயில் இறங்கியிருந்தது. கையில் போத்தல் இருந்தது. பள்ளி முற்றத்தில் நோன்புக் கஞ்சிக்காக ஆட்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அவர்களைத் தாண்டிப் போய், வாய்க்கால் மதகடியில் நின்று இரண்டு மிடறு குடித்தேன். அவ்வளவுதான். திரும்பி வரும்போது வரிசை முழுக்கத் தலையைத் திருப்பியது.

இரவு பள்ளியில் தராவீஹ் தொழுதுவிட்டு வந்த என் கணவர் றினோஸ் சாப்பாட்டுக்கு உட்காராமல் நின்றார். அவர் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறிக்காரர். சந்தையில் எந்தக் கொம்பனோடும் சண்டைக்கு நிற்பார். ஊருக்குள் வந்தால் பூனை.

“பள்ளியில ஒத்தன் கேக்கிறான், ‘ஒங்கட வூட்டுல நோம்பு இல்லையா’ண்டு. எல்லாருக்கும் முன்னுக்கு.”

“எனக்குச் சீனி எண்டு செல்ல வேண்டியதுதானே?”

“ஒவ்வொத்தன்ட வூட்டுக்கும் போய் ஒன்ட ரத்த ரிப்போட்டக் காட்டவா ஏலும்? குத்தம் ஒண்டும் இல்ல ஜெஸ்லா. எனக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். ஆனா றோட்டுல வெச்சுக் குடிக்காத. போத்தல பேக்குக்குள்ள வெச்சுக்க. ஆள் இல்லாத எடத்துல குடி.”

ஆள் இல்லாத இடம்! எங்கள் ஊரில் அப்படி ஓர் இடம் இருந்தால் எனக்கும் காட்டுங்கள். வீட்டுக்கு வீடு மதில் இல்லை. றோட்டை அகலமாக்கும்போது இருந்த மரங்களையும் தறித்துப் போட்டார்கள். வாய்க்கால் கட்டில் ஒருத்தி நின்றால் இந்தப் பக்கம் பள்ளியிலிருந்தும் தெரியும், அந்தப் பக்கம் வயலிலிருந்தும் தெரியும்.

வீட்டுக்குள்ளேயே நடக்கச் சொன்னார் மாமி. சில நாள் ஹோலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். தகரக் கூரை. பின்நேரம் உள்ளே நிற்பதற்கு வெளியே நிற்கலாம். கதிரையையும் மேசையையும் சுற்றிச் சுற்றி வந்ததில் எனக்குத் தலைசுற்றியதே தவிரச் சீனி இறங்கவில்லை. அடுத்த கிளினிக்கில் துஷாந்தினி மிஸ் கடதாசியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “நடக்கிறீங்களா தங்கச்சி, இல்லாட்டி என்னய ஏமாத்துறீங்களா? புள்ள அளவுக்கு மிஞ்சி வளந்தா ரெண்டு பேருக்குமே ஆபத்து.” எனக்குப் பயம் பிடித்தது. இரண்டு பிள்ளைகளை இழந்தவளுக்குப் பயத்தை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. கெட்டித்தனம் என்று அன்றைக்கு நான் நினைத்தது.

காலையில் சாப்பிட்டு முடிய எட்டு மணியாகும். அந்நேரம் றோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடைக்குப் போகிறவர்களும். பின்நேரம் கஞ்சி வரிசை. நோன்பு திறந்த பிறகோ ஊரே தெருவில் நிற்கும். நோன்பு மாதத்தில் எங்கள் ஊர் செத்துக் கிடக்கிற ஒரே நேரம், நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து அஸருக்கு முந்திய நேரம்தான். ஆண்கள் பள்ளியிலேயே விசிறிக்குக் கீழே படுத்துவிடுவார்கள். பெண்கள் வீட்டில் கண் அயர்வார்கள். நாய்கூட நிழலை விட்டு எழும்பாது. நான் பகல் சாப்பாடு சாப்பிட்டு முடிகிற நேரமும் அதுதான். சாப்பிட்ட பிறகு நட என்று சொன்னார்கள். ஆள் இல்லாத இடத்தில் குடி என்று சொன்னார்கள். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி இருந்தது. நடு வெயில் வேண்டாம் என்று சொன்னதை மட்டும் ஒரு பக்கம் தள்ளி வைத்தேன்.

கறுப்பு அபாயா போட்டு, தோளில் பேக்கை மாட்டி, வாய்க்கால் கட்டு வழியாக மெயின் றோட்டு பஸ் ஹோல்ட் வரை போய் வருவேன். ஹோல்டுக்குக் கூரை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்து, மூடியைத் திறந்து குடிப்பேன். களவு செய்கிறவள் மாதிரித்தான். மாமிக்கு என் ஏற்பாடு பிடித்திருந்தது. “கெட்டிக்காரி,” என்றார். றினோஸும் நிம்மதியானார். நாலைந்து நாள் இப்படிப் போனது. முகம் சிவந்து, தலையிடியோடு திரும்பி வருவேன். சீனி குறைகிறது என்று நினைத்துக்கொண்டு தாங்கினேன்.

அன்றைக்குக் காற்றே இல்லை. தாரில் செருப்பு ஒட்டியது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கவும் மறந்துபோனேன்; ஹோல்டில் போய்க் குடிக்கலாம் என்று வந்துவிட்டேன். பாதி வழியிலேயே நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயல் பக்கம் யாரோ மண்வெட்டியோடு நின்றதால் அங்கேயும் குடிக்கவில்லை. அவர் சிங்கள ஆள், நான் குடித்தால் அவருக்கு என்ன? ஆனால் அந்த நேரம் எனக்கு எல்லா மனிதரும் ஒன்றாகிவிட்டிருந்தார்கள். பார்க்கிற கண் உள்ளவர்கள், அவ்வளவுதான்.

ஹோல்டுக்கு வந்து உட்கார்ந்து பேக்கின் சிப்பை இழுக்கிறேன், தம்புள்ளை பஸ் வந்து நிற்கிறது. இறங்கினவர் அப்துல் ஸமத் ஹாஜியார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி நம்பிக்கையாளர் சபையில் மூத்தவர். கடைசியாகக் கோபப்பட்டது எப்போது என்று அவருக்கே தெரியாது. என் இரண்டு பிள்ளைகளும் தங்காமல் போனபோது வீடு தேடி வந்து துஆச் செய்துவிட்டுப் போனவர். வேறு யாராவது இறங்கியிருந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்திருப்பேனோ என்னவோ.

“றினோஸ்ட வூட்டு ஆளா? இந்த வெயில்ல என்ன மகள்?”

“சும்மா நடக்க வந்தேன் ஹாஜியார். டொக்டர் செல்லீக்கு.”

“நோம்பா?”

ஒரு சொல்தான் கேட்டார். இல்லை என்று நானும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார், ஒருவேளை நல்லது என்றுகூடச் சொல்லியிருப்பார். அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் பள்ளியில் பேச்சு வாங்கிவந்து சாப்பாட்டுக்கு உட்காராமல் நின்ற றினோஸின் முகம் நினைவுக்கு வந்தது.

“ஓ, நோம்புதான்,” என்றேன். சிப்பை மூடினேன்.

ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “மாஷா அல்லாஹ்! வயித்துப் புள்ளையோட நோம்பா? அல்லாஹ் பெரிய கூலி தருவான் மகள். நீங்க தனியாப் போக வேணாம். நான் வூடு மட்டும் வாரேன்.”

“வேணாம் ஹாஜியார், நீங்க களைச்சு வந்தீக்கீங்க. நான் கொஞ்சம் இருந்துட்டு வாரேன்.”

“இருங்க, இருங்க. நானும் இருக்கேன்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பேக்குக்குள் போத்தல், என் மடியில் பேக். எழும்பினால் வீட்டுக்காவது சீக்கிரம் போகலாம் என்று எழும்பினேன். தன் குடையை என்னிடம் தந்துவிட்டு, வெறுந்தொப்பியோடு எனக்கு இரண்டு அடி முன்னால் நடந்தார். நான் விழாமல் இருக்கிறேனா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்தார். இப்படி அக்கறையாக ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது எந்தப் பெண் போத்தலை வெளியே எடுப்பாள்?

வழியில் வியர்ப்பது நின்றது. அந்தச் சூட்டில் எனக்குக் கையெல்லாம் மயிர்க்கூச்செடுத்தது. குளிர்கிறது போலிருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. ஹாஜியார் என் உம்மாவைப் பற்றி ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மூச்சுத்தான் வந்தது.

“பேச வேணாம் மகள். திக்ரு செஞ்சிக்கிட்டே வாங்க,” என்றார்.

துஷாந்தினி மிஸ் சொன்னது காதில் கேட்டது. நிற்க வேண்டும், உட்கார வேண்டும். எங்கே உட்கார? நிழல் என்று ஒரு கையகலம்கூட இல்லை. பள்ளி மினாரா தெரிகிறது, இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று நினைத்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். அது அசையவில்லை. தூங்குகிறது என்று நினைத்தேன். மதகைத் தாண்டும்போது வாய்க்கால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மதகுக் கட்டின் கொங்கிரீட் விளிம்பில் வயிறு அடிபட விழுந்தேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, ஒரு சிங்களப் பெண் என் தலையில் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததும், ஹாஜியார் முழங்காலில் நின்று ஒரு கோப்பையை என் வாயில் பிடித்திருந்ததும்தான். “குடிங்க மகள், குடிங்க! நோம்ப முறிச்சிக்கங்க, குத்தமில்ல, அல்லாஹ் மன்னிப்பான்!” என்று அழுதார். அந்த மனிதர் முழுக் கோப்பையையும் எனக்குப் பருக்கினார். கேட்டிருந்தால் ஹோல்டிலேயே பருக்கியிருப்பார். அபாயாவுக்குக் கீழே சூடாக இறங்கியது இரத்தம் என்று எழும்பும்போதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் வயிற்றின் மேல் கருவியை வைத்து நெடுநேரம் தேடினார்கள். ஒருவர் தேடிவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவரும் தேடினார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. விழுந்ததில் நஞ்சுக்கொடி கழன்றுவிட்டது என்று பிறகு விளங்கப்படுத்தினார்கள். ஆண் பிள்ளை. றினோஸின் நெற்றி. நகம்கூட வளர்ந்திருந்தது. துணியில் சுற்றி என் கையில் தந்தார்கள், திருப்பி வாங்கினார்கள். றினோஸ் ஊருக்குக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்தார்.

என் பேக்கைத் தாதி அவரிடம்தான் கொடுத்திருந்தார். அதைத் திறந்து போத்தலை எடுத்தார். கழுத்து வரை நிரப்பின தண்ணீர் அப்படியே இருந்தது.

“ஏன் குடிக்கல்ல?” என்று கேட்டார்.

“ஆள் இருந்தாங்க,” என்றேன்.

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதன் அழுத அழுகையை வார்டு முழுக்கப் பார்த்தது. அன்றைக்கு அவருக்கு யார் பார்க்கிறார்கள் என்ற கவலை இல்லை.

வீட்டுக்கு வந்தேன். நாற்பது நாளுக்கு அறைக்குள். மார்பில் பால் கட்டி வலித்தது. யாருக்கு என்று அது கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. நோன்போடு விழுந்தவள் நான். வயிற்றுப் பிள்ளையோடும் நோன்பை விடாதவள். ஹாஜியார் தாம் கண்டதைக் கண்டபடி பள்ளியில் சொல்லி அழுதிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, பாவம். நான் சொன்னதைத்தான் சொன்னார்.

மாமி முதல் நாள் ஒன்றும் பேசாமல் இருந்தார். மறுநாள் வந்தவர்கள் சொன்னதற்குத் தலையாட்டினார். அதற்கடுத்த நாள், “நோம்ப விடு எண்டு நான் செல்லியும் கேக்கல்லயே” என்று தானே சொல்லிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் எழும்பிச் சண்டை போட முடியாதபடி இடுப்பு விட்டுப்போயிருந்தது. றினோஸிடம் சொன்னேன். “கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க,” என்றார். மறப்பார்களா? எங்கள் ஊரில் ஒருத்தி றோட்டில் தண்ணீர் குடித்ததையே மறக்காதவர்கள்.

நோன்பு முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது பஸ்லா வந்தாள். அடுத்த வளவுக்காரி. கல்யாணம் முடித்து வருடம் ஆகவில்லை, முதல் பிள்ளை, ஆறு மாதம். என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உதடு வெடித்திருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. அறையில் மாமியும் வேறு நாலைந்து பெண்களும் பாயில் இருந்தார்கள்.

“தாத்தா,” என்றாள். எங்கள் ஊரில் அக்காவுக்குத் தாத்தா என்றுதான் பெயர். “ஒங்களப் பாத்துத்தான் தாத்தா நானும் பிடிக்கிறேன். ஒண்டுமே விடல்ல. மிஸ் செல்லிக் கொடுத்த நடையும் விடல்ல. அஸருக்கு முந்திப் போய் வாரேன். தல சுத்துதுதான், எண்டாலும் தாங்குறேன். ஒங்களுக்கு ஏலுமாயிருந்த மாதிரி எனக்கும் ஏலும்தானே?”

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. நான் அழவில்லை. கத்தினேன்.

“நான் நோம்பில்ல! கேட்டுதா எல்லாருக்கும்? ஒரு நாளும் நோம்பில்ல! தெனமும் மூணு வேள தின்டேன். டொக்டரும் வேணாமெண்டாங்க, மௌலவியும் வேணாமெண்டாங்க. தண்ணிப் போத்தல் பேக்குக்குள்ள இருந்திச்சி. குடிக்க வெக்கப்பட்டு என்ட புள்ளயக் கொண்டேன்!”

பாயில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமி எழும்பி வந்து என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

“புள்ள போன கவலையில பேசுறா. ரெண்டு நாளா இப்படித்தான்,” என்றார்.

எல்லாரும் “அல்லாஹ்வே” என்று தலையாட்டினார்கள். மாமியின் சேலைக்குள் என் மூச்சு முட்டியது. அவரை நான் தள்ளிவிட்டேன். கட்டிலடிச் சிறிய மேசையில் எனக்காக வைத்திருந்த கூஜாவிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி பஸ்லாவிடம் நீட்டினேன்.

“குடி.”

அவள் வாங்கினாள். கிளாஸைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். என் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

“நீங்க செல்றது உண்மையெண்டு எனக்கு வெளங்குது தாத்தா. ஆனா எல்லாரும் பாக்குறாங்க.”

நான் எழும்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, “எல்லாரும் வெளிய போங்க,” என்றேன். யாரும் அசையவில்லை. “போங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் பாயோடு எழும்பிப் போனார்கள். மாமி கடைசியாகப் போனார். கதவைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டேன். பஸ்லா என்னிடம் துஆக் கேட்கத்தான் தனியாக இருக்கிறாள் என்று வெளியே யாரோ சொல்வது கேட்டது.

கதவைத் திறந்து வைத்து, அந்தப் பெண்களுக்கு முன்னால், ஹாஜியாருக்கும் றினோஸுக்கும் கஞ்சி வரிசைக்கும் முன்னால் அவளைக் குடிக்க வைக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆத்திரம். ஆனால் பிள்ளை அவள் வயிற்றில் இருக்கிறது. என் ஆத்திரத்துக்காக அது காத்திருக்காது.

பஸ்லா கிளாஸை வாய்க்குக் கொண்டுபோய்விட்டு நிறுத்தினாள்.

“தாத்தா, ஜன்னல்.”

ஜன்னல் திரை பாதி திறந்திருந்தது. வெளியே முற்றம், அதற்கப்பால் றோட்டு, வெயிலில் ஒரு மனிதர்கூட இல்லை. நான் போய்த் திரையை இழுத்து மூடினேன்.

“மூடிட்டேன். குடி,” என்றேன்.